கவுன்சிலருக்குத் தலைக்கு ஊற்றிய நாள்

என் புடவை முழுக்க ஈர நாயின் வாடை. மாற்றிக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்று ஞாயிறு. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் மொட்டை மாடியில் கவுன்சிலரைக் குளிப்பாட்டிவிட்டுக் கீழே இறங்கினால், போனில் வீட்டு ஓனரின் செய்தி காத்திருந்தது. “டீச்சர், அந்த நாய் ஆயாம்மாவோடதுதானே. அவங்களே போயிட்டாங்க. இனி உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? நல்ல காப்பகம் ஒண்ணு சொல்றேன், விட்டுடலாம்.”

மரியாதையான மனிதர்தான். நானும் மரியாதையாகவே பதில் போட்டேன். “நாய் என்னுடையது. எங்கும் போகாது.” முப்பது வருடம் வகுப்பில் அதட்டியவள் என்று எனக்குப் பெயர். பெரிய மனிதர்கள் முன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது திறந்துவிட்டேன். காலி பண்ணச் சொன்னால் பண்ணிக்கொண்டு போகிறேன். கொட்டிவாக்கத்தில் நாய்க்குச் சரி என்று சொல்கிற வீடு ஒன்றை விசாரித்து வைத்திருக்கிறேன்.

நீ வந்த நாளும் இப்படித்தான், ஒரு “போகாது”வில் ஆரம்பித்தது. நான் பாடம் நடத்திய அதே பள்ளியில் நீ எல்.கே.ஜி. ஆயா. ஆற்றோரம் உங்கள் குடிசைகளை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லாரியில் பீரோ ஏறியது, கிரைண்டர் ஏறியது, உன் அண்ணன் குடும்பம் ஏறியது. நாய் ஏறக் கூடாது என்றுவிட்டார்கள். சாயங்காலம் ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டினாய். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் புடவைக் கிழிசலால் கட்டிய நாய்.

“நாயி ஏறக் கூடாதுன்னாங்க டீச்சர். அப்ப நானும் ஏறலன்னு எறங்கிட்டேன். ரெண்டு நாளு இங்க குந்திக்கினு அப்பால எங்கியாவது பாத்துக்கறேன்.”

அந்த இரண்டு நாள் ஒன்பது வருடம் ஆயிற்று. நாயின் பெயர் கவுன்சிலர் என்றாய். ஏன் அப்படி என்றேன். “தெரு தெருவா சுத்துவான். சோறு வேணும்னா மட்டும் வாசல்ல வந்து வாலாட்டுவான். வேற இன்னா பேரு வெக்கறது?”

காலையில் இருவரும் சேர்ந்து பள்ளிக்கு நடப்போம், சேர்ந்து திரும்புவோம். நீ குழம்பு வைத்தால் நான் பாத்திரம் கழுவுவேன். “டீச்சர்” என்பதைக் கடைசிவரை நீ விடவில்லை. “நீங்க”வை மட்டும் இரண்டே மாதத்தில் விட்டுவிட்டாய். எனக்கு அது பிடித்திருந்தது. உன்னிடம் சொன்னதில்லை.

கவுன்சிலருக்குத் தண்ணீர் என்றால் சாவு பயம். ஒரு மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் குடிசைக்குள் ஏறியபோது, கூரைமேல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த நாய் அது. முதல் ஞாயிறு நான் நேராக ஒரு மக் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினேன். மாடிப்படியில் உருண்டு ஓனர் வீட்டு வாசல் கோலத்தின்மேல் போய் நின்றது. நீ என்னைத் திட்டவில்லை. அதைத் தூக்கிவந்து மறுபடி நிறுத்தினாய். “மொதல்ல உன் கால்ல ஊத்திக்கோ டீச்சர். அவன் பாக்கட்டும். அப்பால அவன் கால்ல ஊத்து. தலைக்கு மட்டும் ஊத்தாத, ஈரத் துணியால தொடச்சி வுடு.”

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதே முறைதான். பதினோரு மணிக்கு மேல் போனால் டாங்க் தண்ணீர் கொதிக்கும், ஆகையால் பூசை முடிந்த கையோடு நான் மாடி ஏறிவிடுவேன். நான் பிடித்துக்கொள்வேன், நீ ஊற்றுவாய். வேப்ப சோப்பு நுரையை நீ விரல் இடுக்கெல்லாம் தேய்க்கும்போது கவுன்சிலர் வானத்தைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்.

அன்பியம் என்று வீடு மாற்றி வீடு நடக்கும் எங்கள் செபக் கூட்டம் அந்த முறை நம் வீட்டில். செபம் முடிந்து எல்லோருக்கும் நீ காப்பி கொண்டுவந்தாய். ஒரு அம்மா உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இவங்க யாரு டீச்சர், சொந்தமா?”

“இல்ல இல்ல, வீட்டு வேலைக்கு இருக்காங்க” என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. வேதாகமத்தில் மறுதலித்தவனுக்குக் கூவியதுபோல் கோழி எதுவும் கூவவில்லை; பக்கத்து வீட்டு மிக்ஸிதான் ஓடிக்கொண்டிருந்தது. நீ தட்டோடு அங்கேயே நின்றிருந்தாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீ மேஜைக்கு வரவில்லை. அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். வா என்று கூப்பிட்டேன். “வேலைக்கு கீறவ மேஜைல குந்தலாமா டீச்சர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். அந்தச் சிரிப்பு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வகுப்பில் பிள்ளைகளை எத்தனை முறை கேட்க வைத்திருக்கிறேன்! எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு வந்தது. வாளியோடு நீ மாடிக்குப் போனாய். பின்னாலேயே நானும் போய்க் கவுன்சிலரைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாய். “கெட்டியா புடி” என்றாய். அன்று மத்தியானம் மேஜைக்கு வந்தாய். நீ மன்னித்துவிட்டாய், சரி. நான் அதைத் திருத்திச் சொல்லவே இல்லை என்பது அப்படியே நின்றுவிட்டது.

பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஐந்தாம் நாள் இல்லை. உன் அண்ணன் மகன் வந்து உன்னை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவனுக்குத்தான் உரிமை என்றார்கள். நான் ஆட்டோ பிடித்துப் பின்னால் வந்தேன். நாயை ஏற்றக் கூடாது என்றதற்காக நீ போக மாட்டேன் என்ற அதே அடுக்குமாடிக்குத்தான் கடைசியில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

உன்னை எடுத்துக்கொண்டு ஆண்கள் போனதும், பெண்கள் எல்லோரும் கீழே குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வரிசையாக நின்றார்கள். நானும் போய் நின்றேன். உன் அண்ணி என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். “நீங்க இன்னாத்துக்கு டீச்சர் இங்க நின்னுக்கினு? உங்களுக்குத் தீட்டு கெடியாது. சொந்தத்துக்குத்தான் அதெல்லாம். மூஞ்சி கழுவிக்கினு கெளம்புங்க, நேரமாவுது.”

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அவர்கள் முறைப்படி அது சரியும்கூட. அன்று அன்பியத்தில் என் வாயாலேயே நான் சொன்னதும் அதுதானே. முகத்தைக் கழுவாமலே கிளம்பினேன்.

வீட்டுக்கு வரும்போது மணி நான்கு. கவுன்சிலர் உன் கட்டிலுக்கு அடியில் கிடந்தான். அவனை மாடிக்கு இழுத்துப்போனேன். டாங்க் தண்ணீர் இன்னும் சுட்டது. இரண்டு வாளி பிடித்து நிழலில் ஆறவிட்டேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. கட்டிய புடவையோடு தரையில் உட்கார்ந்து, அவனை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். முதலில் என் காலில் ஊற்றினேன். பிறகு அவன் காலில், பிறகு முதுகில். அப்புறம், நீ கூடாது என்றதைச் செய்தேன். ஒரு மக் நிறைய மொண்டு அவன் தலையில் ஊற்றினேன். சாவுத் தீட்டுக்கு ஈரத் துணி போதாது. அடுத்த மக்கை என் தலையில்.

அவன் அசையாமல் நின்றான் என்று எழுத ஆசைதான். உதறினான். என் கண்ணாடி பறந்து போய் டாங்குக்கு அடியில் விழுந்தது. கண்ணாடியைத் தேடிக் குனிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கியது மொத்தமும் வந்தது. கீழிருந்து ஓனர் எட்டிப் பார்த்தார், “என்ன டீச்சர் இந்த நேரத்துல?” என்றார். நான் கவுன்சிலரைத் துவட்ட ஆரம்பித்தேன்.

பதினாறு நாள் தீட்டுக் காத்தேன். கோயில் பக்கமே போகவில்லை. சின்ன வயதில் முதல்முறை நற்கருணை, அந்தப் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து ஞாயிறு பூசை தவறாதவள் நான். இரண்டு ஞாயிறு காணோம் என்றதும், பங்குச் சாமியார் அன்பியத்துப் பெண்கள் இரண்டு பேரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அன்று உன்னைப் பார்த்துச் சொந்தமா என்று கேட்ட அந்த அம்மாவும் வந்திருந்தார்.

“உடம்பு சரியில்லையா டீச்சர்?” என்றார் சாமியார்.

“வீட்டுல தீட்டு, ஃபாதர். பதினாறு முடிஞ்சதும் வரேன்.”

“நமக்கு அதெல்லாம் கிடையாதேம்மா” என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “யாரு தவறினது?”

“என் தங்கச்சி.”

அந்த அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். “உங்களுக்குத் தங்கச்சி உண்டா டீச்சர்? நாங்க பார்த்ததே இல்லையே.”

“பார்த்திருக்கீங்க” என்றேன். “நான்தான் அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”