லாரி வராத நாள்

என் பிரியமான பிலோ அக்காவுக்கு,

என் வகுப்பை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். செத்துப்போனவள் அதையாவது எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

ஆகஸ்டில் நீ போனதும், உன் இடத்தில் தற்காலிக ஆசிரியராக என்னைப் போட்டார்கள். அரியலூர் ரோட்டை ஒட்டிய அதே அறை, அதே ஒன்பதாம் வகுப்பு. நீ பாதியில் விட்ட பாடம், எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பெரிய கவிஞரின் கோபப் பாட்டு. முதலிலிருந்து நடத்துகிறேன் என்று ஆரம்பித்தேன்.

நன்றாகத்தான் நடத்தினேன் அக்கா. அவர் யார்மேல் கோபப்பட்டார், எதற்காகப் பட்டினி கிடந்தார் என்றெல்லாம் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, சுண்ணாம்புக்கல்லை சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு தூசியை மட்டும் நமக்கு விட்டுப்போகிறார்களே, இந்தக் கவிஞர் இருந்தால் சும்மா இருப்பாரா என்று கேட்டேன். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் பேசினால் பார்ப்போமே, அப்படி.

அப்போது ஒரு சுண்ணாம்புக்கல் லாரி வந்தது. வகுப்பே எழுந்து நின்று, அந்தப் பாட்டைத் தொண்டை கிழியக் கத்தியது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுகிற கடைசி பெஞ்சுக்காரன்கூட ஒரு சொல் விடவில்லை. லாரி போனதும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள்.

என்ன இது என்றேன். முன்வரிசை திவ்யா சொன்னாள்: "பிலோ டீச்சர் ரூல் சார். லாரி சத்தத்துக்கு மேல கேக்கணும். கேக்கலன்னா அடுத்த லாரிக்கு மறுபடியும்."

அத்தனை வருஷம் மனு எழுதி அந்த லாரிகளை நிறுத்தியிருக்க வேண்டியவள், அதை விளையாட்டாக்கிவிட்டாயே? அந்தத் தூசியில் கத்தித்தான் உன் நெஞ்சு கெட்டது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இனி யாரும் கத்தக்கூடாது என்றேன். கேட்டுக்கொண்டார்கள். அதுதான் மோசம். லாரி வரும்போதெல்லாம் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை.

போன வாரம் லாரிக்காரர்கள் ஸ்ட்ரைக். ரோடு அமைதியாகக் கிடந்தது. இன்றைக்கு இது என் வகுப்பு என்று நினைத்தேன். குரலை உயர்த்தாமல், நிறுத்தி நிறுத்தி, அந்தப் பாட்டை வாசித்தேன். என் ஆயுளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.

முடித்ததும் திவ்யா எழுந்தாள். "சார், லாரி வராத அன்னைக்கி டீச்சர் வேற மாதிரி நடத்துவாங்க."

"எப்படி?"

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "அது சொல்ல மாட்டோம் சார்."

திமிராகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் திட்டியாவது இருப்பேன். மணி அடித்த பிறகு வராண்டாவில் அவளை நிறுத்தி மறுபடியும் கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவள் பாவமாகப் பார்த்தாள்.

"நீங்க டீச்சரோட சொந்தத் தம்பிதானே சார்? உங்ககிட்ட சொல்லலையா?"

வீட்டில் நீ என்னிடம் என்ன பேசினாய்? துவைக்கப் போட்ட சட்டையைப் பற்றி, நான் வேலைக்குப் போகாததைப் பற்றி. நல்லதையெல்லாம் அந்த நாற்பது பேருக்கு வைத்துக்கொண்டாயா?

ஸ்ட்ரைக் முடிந்துவிட்டது. மறுபடி கத்தச் சொல்லிவிட்டேன். கதவோரம் நின்று கேட்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு வருவேன். உன் சிலுவைக்கு வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றுவேன். அடுத்த திங்கட்கிழமை, அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பேன். லாரிகளை வேறு ரோட்டுக்குத் திருப்பும்வரை விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

திருப்பிவிட்டால், அப்புறம் எல்லா நாளும் லாரி வராத நாள்தான். அந்த வகுப்பில் நான் நிற்க வேண்டும். சொல்லு அக்கா, அன்றைக்கெல்லாம் நீ என்ன செய்தாய்?

உன் கூடப்பிறந்தவன்,
அருள்
வரதராஜன்பேட்டை