இல்லை என்பதற்கு மூன்று வரி

மொண்டெவிடியோ சிறை, மே 12

அன்புள்ள சுல்மா அக்கா,

நலமாக இருக்கிறேன். நீ தொலைபேசியை எடுப்பதில்லை. அதனால் இந்தக் கடிதம்.

இங்கே கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. பைத்தான் என்ற நிரல் மொழி கற்கிறோம். ஆசிரியை மிர்த்தா, "எழுதினவன் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது. உங்களைக் கொஞ்சமும் நம்பாத ஆள்கிட்டக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்க" என்றார். உடனே உன் ஞாபகம் வந்தது. நான்கு வரி எழுதி இணைத்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்து, திரையில் வருவதை அப்படியே எழுது.

உன் தம்பி,
வில்மார்

சால்ட்டோ, மே 24

வில்மார்,

போனில் பேச மாட்டேன். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நீதிபதியிடம் காட்டலாம்.

முதல் வரியே என் பெயரைக் கேட்கிறது. நான்காவது வரி, பார்க்க வருவாயா என்கிறது. அது கேள்வியா, தூண்டிலா? அன்றும் நீ ஒரே ஒரு சொல்லைத்தான் கேட்டாய்: என் அலுவலகக் கடவுச்சொல். பதினேழு போலி ஓட்டுநர் உரிமம் போட்டாய். நீ உள்ளே போனாய். நான் வேலை போய் இந்த ஜெராக்ஸ் கடைக்கு வந்தேன்.

முதலாளி தோன் அபெலார்தோ மாத்தே டீ குடிப்பதை நிறுத்திவிட்டு, "ஏம்மா, ஜெயில் சரக்கை என் மிஷின்ல ஏத்தவா பாக்குற? விடிஞ்சா கடையே அவன் பேர்ல இருக்கும்!" என்றார்.

ஒவ்வொரு வரியும் என்ன செய்யும் என்று எழுது.

சுல்மா

மொண்டெவிடியோ சிறை, ஜூன் 5

அன்புள்ள அக்கா,

முதல் வரி உன் பெயரை வாங்கி வைத்துக்கொள்ளும். நிரல் நின்றதும் அது அழிந்துவிடும். பொய்ப் பெயர் கொடுத்தாலும் ஓடும். இரண்டாவது, பதிலுக்குக் காலி இடம் ஒதுக்கும். மூன்றாவது, 'ஆம்' என்ற பதில் வரும்வரை சுற்றச் சொல்லும். நான்காவது, கேள்வி. பயமாக இருந்தால் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓட்டு.

வில்மார்

சால்ட்டோ, ஜூன் 17

வில்மார்,

கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓட்டினேன். பெயர் 'யாரோ' என்று கொடுத்தேன்.

'யாரோ, ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவாயா?'

'இல்லை' என்று அடித்தேன். மறுபடி கேட்டது. ஏழு முறை அடித்தேன். ஏழு முறையும் கேட்டது. தோன் அபெலார்தோ எட்டிப் பார்த்து, "அச்சு அசலா உன் தம்பியேதாம்மா!" என்றார். மிஷினையே அணைத்தேன்.

கடவுச்சொல்லையும் இப்படித்தான் கேட்டாய். சாப்பிடும்போது, பேருந்து நிறுத்தத்தில், அம்மாவின் பிறந்தநாளில். அலுத்துப்போய்த்தான் கொடுத்தேன்.

இனி எழுதாதே.

சுல்மா

மொண்டெவிடியோ சிறை, ஜூன் 26

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒரு கடிதம் மட்டும்.

அது தந்திரமில்லை, தவறு. இல்லை என்றும் ஒருவர் சொல்லலாம் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. மிர்த்தா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "இந்தத் தப்பு நிரல்ல மட்டும்தானா வில்மார்?" என்று கேட்டார்.

நான்காவது வரிக்குக் கீழே சேர்க்க மூன்று வரி வைத்திருக்கிறேன். 'இல்லை' என்றால், 'சரி' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நீ ஓட்டாவிட்டாலும் பரவாயில்லை.

வில்மார்

சால்ட்டோ, ஜூலை 5

அன்புள்ள வில்மார்,

மூன்று வரியையும் சேர்த்தேன். இந்த முறை என் பெயரையே கொடுத்தேன். 'இல்லை' என்று அடித்தேன்.

'சரி, சுல்மா' என்றது. நின்றுவிட்டது.

நம்பாமல் கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்கவில்லை.

14ஆம் தேதி ஞாயிறு, பார்க்க வருகிறேன். மாத்தே போட யெர்பா இலை கொண்டு வருகிறேன். இணையக் கம்பியை இன்னும் மாட்டவில்லை.

அக்கா