இந்த ஊரும் எங்கள் ஊரும்

மார்ச் 4, ஞாயிறு

பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜெர்மனியின் இந்த எஸ்லிங்கன் ஊரே செத்துப்போகிறது. கடை கிடையாது. துணி துவைக்கக் கூடாது. காலி பாட்டிலைத் தொட்டியில் போட்டால் சத்தம் வருமாம், அதுவும் கூடாது. நடக்க மட்டும் அனுமதி உண்டு. குடும்பம் குடும்பமாக, துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு, ஆற்றங்கரையில் நடக்கிறார்கள். அதற்கென்று தனிச் செருப்பு வேறு.

காலையில் பால் தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில், எங்கள் டொலீடோவில் என்றால் காரை எடுத்தால் நாலு நிமிடம். ஆர்னோவிடம் சொன்னேன். நேற்றே வாங்கியிருக்கலாமே என்றான். ஒரு ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு வேறு என்ன பதில் கிடைக்கும்?

அக்டோபரில் அவனுக்கு அறுபத்து மூன்று. வேலையை விட்டுவிட்டு ஓஹையோவுக்குப் போய்விடலாம் என்று மூன்று வருடமாகக் கெஞ்சுகிறேன். யோசிக்கிறானாம். ஒரு சோபா வாங்க எட்டு மாதம் யோசித்தவன்.

மார்ச் 10

இந்த வாரம் மாடிப்படி கூட்டும் முறை எங்களுடையது. அதற்கு ஒரு மரப்பலகை. முறை வந்த வீட்டுக் கதவில் அதைத் தொங்கவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளையின் கழுத்தில் மாட்டுகிற மாதிரி. கூட்டித் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் கீழ்வீட்டுத் திருமதி ஹேபர்லே நிற்கிறாள். எழுபத்தைந்து வயது, வேறு வேலை கிடையாது. கைப்பிடிக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்து, "இங்கேயும் தூசி சேரும்" என்றாள்.

தெரியும் அம்மா. உன் வாழ்க்கையில் மொத்தமே தூசிதான்.

(சொல்லவில்லை. சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் அமெரிக்கப் போலிச் சிரிப்பு என்று மாடிக்கு மாடி சொல்லியிருப்பாள்.)

மார்ச் 23

ஒரு தொழிற்சாலையில் ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். இன்றைக்குப் பாடம் ‘நாடுகளை ஒப்பிடுதல்’. ஏன்தான் எடுத்தேனோ. அமெரிக்காவில் பிரசவத்துக்குச் சம்பளத்தோடு விடுமுறையே கிடையாதாமே, பாவம், என்று கண்கலங்குகிறாள் ஸில்கே. மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தவள். வருடத்துக்கு முப்பது நாள் விடுமுறை, அதுபோக முதுகுவலிக்கு ஒரு வாரம், மனச்சோர்வுக்கு நீரூற்றுச் சிகிச்சை. இவர்கள் எங்களுக்காகப் பரிதாபப்படுகிறார்கள்.

என் தம்பி கிளின்ட் இருபத்தாறு வயதில் தன் கையால் வீடு கட்டினான் என்றேன். நாற்பத்தைந்து வயதில் வாடகை வீட்டில், ஞாயிறன்று ஒரு ஆணி அடிக்கப் பயந்து வாழ்கிறவர்களுக்கு அது எங்கே புரியும். எல்லாரும் தலையாட்டினார்கள். பரிதாபம் மட்டும் முகத்தைவிட்டுப் போகவில்லை.

ஏப்ரல் 25

கிளின்ட் வந்துவிட்டான். நான்தான் வரவழைத்தேன். நான் சொன்னால் கேட்காத ஆர்னோ ஒரு ஆம்பளை சொன்னால் கேட்பானோ என்று. டொலீடோவுக்குப் பக்கத்தில் எங்களுக்காகப் பார்த்துவைத்த வீட்டின் படங்கள் கொண்டுவந்திருக்கிறான். மூன்று கார் நிற்கிற கொட்டகை, பின்னால் ஓடை. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஆனால் இவனும் லேசுப்பட்டவன் இல்லை. நாலு வருடத்தில் முதல் விடுமுறையாம், அதைப் பதக்கம் வாங்கிய மாதிரி சொல்கிறான். கட்டைவிரலில் ஆழமான வெட்டு. டாக்டரிடம் போகாமல் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறான், மரச்சாமான் ஒட்டுகிற பசை. ஆர்னோ அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 29, ஞாயிறு

சமையலறை அலமாரி ஆடுகிறது என்று கிளின்ட் துளைபோடும் இயந்திரத்தை எடுத்தான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது. ஹேபர்லே, கையில் வீட்டு விதிமுறைத் தாள். கிளின்ட்டுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. "இது ஊரா, இல்ல ஆஸ்பத்திரியா, லோரி?" என்று என்னைக் கேட்டான். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆர்னோ மட்டும் கீழே போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான்.

மே 3

சரி என்றுவிட்டான்! பாத்திரம் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னான். "ஒரு வருஷம் இருந்து பார்ப்போம். உனக்கு இங்க மூச்சு முட்டுதுன்னு எனக்குத் தெரியும்."

பலகையாவது தூசியாவது. போகிறேன்.

மே 5

ஆர்னோ.

மே 7

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

சனிக்கிழமை காலை எட்டேகால். முட்டையை உடைத்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. வாயின் வலது ஓரம் தொங்கிவிட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னான், வார்த்தையாக வரவில்லை. பக்கவாதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவளாக இருந்திருந்தாலாவது —

கிளின்ட் எழுந்தான். "கார் சாவி எங்க?" என்றான். நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது சரக்கு வண்டியில் போட்டுக்கொண்டு போனோம். அப்பா மரம் அறுக்கும்போது தொடையைக் கிழித்துக்கொண்டு தானே வண்டி ஓட்டிப் போனார். சைரன் வாசலுக்கு வந்தால், பின்னாலேயே வருகிற பில்லில் வீடு கையைவிட்டுப் போகும், அது எங்களுக்குப் பால்குடி வயதுப் பாடம். இங்கே அதற்குப் பத்து யூரோ. பதினோரு வருடமாக எனக்குத் தெரியும். காப்பீட்டு அட்டை என் பையில் இருந்தது.

மூன்று மாடி. லிஃப்ட் இல்லை. கிளின்ட் தோளிலும் நான் காலிலும் பிடித்து இறக்கினோம். ஹேபர்லே கதவைத் திறந்தாள், கையில் போன். "நான் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

சந்தை நாள். பாலத்துப் பக்கம் தெருவை அடைத்திருந்தார்கள். சுற்றிப் போனோம். போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் பக்கவாதத்துக்கான பிரிவே இல்லை. அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். பெண் டாக்டர் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டாள். பிறகு, "ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடல?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். என்ன சொல்வேன்? நான் ஓஹையோக்காரி என்றா?

வலது கை போய்விட்டது. பேச்சு போய்விட்டது. அறிவு இருக்கிறது. காரில் முழு நேரமும் விழித்துத்தான் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

மே 11

கிளின்ட் போய்விட்டான். "அம்மாவை அப்படித்தானே கூட்டிட்டுப் போனோம், பிழைக்கலியா?" என்று விமான நிலையத்தில் மூன்று தடவை கேட்டான். சுயமாக நிற்கிற ஜனம், யார் கையையும் எதிர்பார்க்காத ஜனம் என்று எத்தனை வகுப்பில் பீற்றிக்கொண்டேன். த்தூ. பயந்தாங்கொள்ளிகள். ஒரு காகிதத்துக்குப் பயந்து மனுஷனை மாடிப்படியில் உருட்டிக்கொண்டு போகிற ஜனம்.

மே 16

படியில் ஹேபர்லே. இவள் ஆறுதல் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அந்தப் பயமே தேவையில்லை, இந்த ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது.

"நான் அன்னிக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்" என்றாள். "நீங்க போன அப்புறம். ஒன்பது நிமிஷத்துல வந்துட்டாங்க. சரியான ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோயிருப்பாங்க. உங்களுக்குத் தெரியணும்."

தெரியணுமாம். கிழவிக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதா?

ஒன்பது நிமிஷம். நாங்க அப்போ பாலத்துக்கிட்டகூட வரல.

ஜூன் 22

ஆர்னோ மறுவாழ்வு நிலையத்தில். ஏரியைப் பார்த்த அறை. தினம் ஐந்து மணி நேரம் பயிற்சி. ஆறு வாரம் முழுச் சம்பளம் வந்தது, இனி காப்பீட்டிலிருந்து வருமாம். நான் எதையும் கேட்கவில்லை, கடிதங்கள் தானாக வருகின்றன. திட்டுவதற்கு ஏதாவது அகப்படுமா என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெறும் ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் தருகிறார்கள். அவ்வளவுதான் கிடைத்தது.

அவன் என்னைப் பார்க்கிறான். நான் ஜன்னலைப் பார்க்கிறேன். பேச்சு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பான், ஏன் கூப்பிடவில்லை என்று. பேச்சே வரக் கூடாது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இதையும் எழுதிவைக்கிறேன், நான் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியட்டும்.

ஜூலை 8

டொலீடோ வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். கிளின்ட் எழுதியிருக்கிறான்.

ஆகஸ்ட் 2

"ரொட்டி" என்றான். "தண்ணி" என்றான். என் பெயர் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 14

பேச்சுப் பயிற்சி தருகிற யானிக் இன்று என்னையும் உட்காரவைத்தான். வீட்டுக்கு அனுப்பும் முன் எல்லாருக்கும் இந்தப் பாடம் உண்டாம், அவசர எண்ணுக்குப் போன் செய்து பேசுவது. ஆர்னோ கூப்பிட வேண்டும். நான் மறுமுனை. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். யானிக்குக்கு ஒன்றும் தெரியாது, பாவம், சிரித்துக்கொண்டே விளையாட்டு போனை நீட்டுகிறான்.

ஆர்னோவுக்கு ஒரு படம் கொடுத்தான், ஏணியிலிருந்து விழுந்த ஒரு ஆள். அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆர்னோ படத்தைக் கவிழ்த்து வைத்தான். இடது கையால் போனைக் காதில் பிடித்துக்கொண்டான். என்னை நேராகப் பார்த்தான். நானும் நாலு மாதத்தில் முதல் தடவையாக அவனைப் பார்த்தேன்.

"லோரி" என்றான். மூச்சு வாங்கினான். "என்... மனைவி. விழுந்துட்டா." அடுத்த வார்த்தை சிக்கியது. யானிக் உதவ வாயெடுத்தான், இவன் தலையை ஆட்டித் தடுத்தான். "மூணாவது மாடி. சீக்கிரம்... வாங்க."

நான் சொல்ல வேண்டிய பதில் என் கையிலிருந்த அட்டையில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. ‘கிளம்பிட்டோம், போனை வைக்காதீங்க.’ அதைப் படிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆர்னோ போனை வைக்கவில்லை.