வகுப்பில் மாட்ட ஒரு படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஓஹையோவில் பனி கொட்டுகிறதாமே, படியில் பார்த்து இறங்கு. நான் நலம். நீ பிறந்த ஹைஃபாங்கில் தினமும் நண்டு நூடுல்ஸ் தின்று குண்டாகிவிட்டேன்.

ஞாயிறன்று நான் ஆங்கிலம் கற்பிக்கும் மையத்துக்குப் பிள்ளைகளின் பெற்றோர் வந்தார்கள். உன்னை உரித்து வைத்தாற்போல் இருக்கிறேன் அல்லவா? மேலாளர் தோவா அக்கா என்னைப் பின்னறைக்குத் தள்ளினாள். "உன் மூஞ்சி வியட்நாம் மூஞ்சிடி. அமெரிக்கான்னு சொன்னா எவன் நம்புவான்?"

என் இடத்தில், அமெரிக்க ஆசிரியர் என்று, சுற்றுலா வந்த வெள்ளைத்தோல் செர்பியாக்காரன் ஒருவனை நிறுத்தினாள். 'ஹலோ'வுக்கு மேல் அவனுக்கு ஆங்கிலம் வராது. அவனோடு படமெடுக்க வரிசையில் நின்றார்கள், அம்மா! ஒரு பெண்மணி என்னிடம், "பெருக்கி முடிச்சாச்சா தங்கச்சி? கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்" என்றாள். கொடுத்தேன்.

கவலைப்படாதே, வேலை போகவில்லை. தோவா அக்காவே வழியும் சொல்லிவிட்டாள்: "உங்கப்பா வெள்ளைக்காரர்தானே? அவர் படத்த வகுப்புல மாட்டு, நம்பிடுவாங்க." தூ!

இங்கே என் அளவுக்குச் செருப்பு கிடைப்பதில்லை. கால் மட்டும் அப்பாவுடையதாயிற்றே. ஒரு ஜோடி அனுப்பு. பிள்ளைகள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன். கூடவே ஒரு படமும் அனுப்பு, பெரிதாக. அப்பாவுடையது வேண்டாம். உன்னுடையது.

உன் மகள்,
மெரிடித்