நீ ஒட்டிய சிவப்பு டேப்பும் என் நெட்டைக் காலும்

மாண்புமிகு குட்டையன், என் உயிர் மச்சான் குமரேசனுக்கு,

ஜெயிச்சிட்டேன்டா! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. வடலூரில் கிளம்பி குள்ளஞ்சாவடி போய்த் திரும்ப, நம் மைன்ஸ் ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் சைக்கிள் போட்டியில், உன் நேரத்தைவிடப் பதினொரு வினாடி குறைவு. அதுவும் உன் சைக்கிளிலேயே. கோபமா?

நீ போய்ச் சேர்ந்த பிறகு கடிகாரத்தோடு போட்டி போடும் அந்தப் பழைய டைம் ட்ரையல் சைக்கிளை உன் மனைவி செல்வி என் குவார்ட்டர்ஸுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அண்ணே, இது வூட்ல சும்மா நிக்கறதப் பாக்க முடியல. நீங்க ஓட்டிக்கினு இருந்தா உங்ககிட்டயே இருக்கட்டும். போட்டியில ஓட்ட முடியலன்னா வித்துடுங்க" என்றாள். விலை கேட்டு ஒரு ஆளும் வந்துவிட்டான். விற்பதா? சென்னையிலிருந்து பஸ் கூரையில் கட்டி, வழியெல்லாம் எட்டி எட்டிப் பார்த்து நீ கொண்டுவந்ததல்லவா அது?

ஆனால் நீ ஐந்தடி நாலங்குலம், நான் ஆறடி இரண்டு. முழங்கையை ஊன்றிக் குனிந்து மிதித்தால், முட்டி வந்து முழங்கையை இடித்தது. டவுன்ஷிப் வாசல் ஆர்ச் கேட்டைத் தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன், இன்னும் மோசம். உயர்த்த வேண்டியதுதானே என்பாய். எப்படி உயர்த்துவேன்? சீட் தண்டில் உன் உயரத்துக்கு அடையாளமாக நீ சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்தாயே.

உனக்குத் தெரியாததா? கன்வேயரை நிறுத்தி வேலை பார்க்கும்போது, சுவிட்சில் ஒருவன் மாட்டிய சிவப்பு டேக்கை அவனைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது. இருபது வருஷப் பழக்கம், மச்சான். உன் டேப் பக்கம் என் கை போகவே மாட்டேன் என்றது. நீ வந்து எடுப்பாய் என்று காத்திருந்தேனா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆமாம்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது செல்வி வந்தாள். தையல்காரி கண்ணாயிற்றே. "என்னாண்ணே, அவரு சட்டைய நீங்க போட்டுக்கினு நிக்கற மாரி இருக்கு" என்று சிரித்தாள். டேப் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அவரு இனிமே ட்யூட்டிக்கு வரமாட்டாருண்ணே" என்று சொல்லி, நகத்தால் கிள்ளி, சுற்றுச் சுற்றாக அவளே உரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு பார்க்கணுமே! இதற்கு மேல் தூக்காதே என்று கம்பெனிக்காரன் தண்டில் போட்டிருந்த எல்லைக்கோடு வரை சீட் ஏறியது. "காலுக்கு மட்டும் நீளம் விட்டா போதுமா? கைக்கு?" என்று செல்வி இஞ்ச் டேப்போடு வந்து அளந்தாள். லேத் பட்டறையில் இரண்டு அலுமினியத் துண்டு வெட்டி வாங்கி, நீள போல்ட் போட்டு, முழங்கை வைக்கும் மெத்தைகளை உயர்த்தினேன். சீட்டையும் இந்த முறை முன்னால் தள்ளினேன். முட்டிக்கு இடம் கிடைத்தது. முதுகு வலிக்கவில்லை, மச்சான்!

போட்டியன்று திரும்பி வரும்போது எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. நான் தலையைத் தூக்கவே இல்லை. வடலூரில் கடிகாரத்தோடு நின்ற செல்வி, "அண்ணே, அவர முந்திட்டீங்க!" என்று போட்ட கத்தலில் ரோடே திரும்பிப் பார்த்தது. விலை கேட்டு வந்த ஆளும் அங்கேதான் நின்றான். அவனும் கைதட்டினான், பாவம்.

இப்போது என் உயரத்தில் என் சிவப்பு டேப் இருக்கிறது. இன்னொன்றும் கேள். எனக்குப் பின்னால் யார் ஏறினாலும், நெட்டையோ குட்டையோ, அதை உரிக்க என்னை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்று செல்வியிடம் இன்றே சொல்லிவிட்டேன். என் கால் மிதிக்கும்வரை உன் சைக்கிள் விற்பனைக்கு இல்லை.

செல்விக்கு அண்ணனும்
உனக்கு மச்சானுமான
நெட்டை ராஜேந்திரன்