ஐந்நூறுக்கு மேல் வாங்குவதில்லை

புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி ஜானகிராமனுக்கு,

அக்கா அஞ்சலாட்சி எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம். அங்கே நீயும் கார்குழலியும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, நீதான் எதுவும் சொல்வதில்லையே.

போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார். முழுக்கப் படித்துவிட்டுக் கார்குழலியிடமும் கொடு. அவளுக்குத் தெரியக் கூடாதது இதில் எதுவும் இல்லை.

நீ கேட்க நினைத்தும் கேட்காமல் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘முச்சந்தி’ நின்றுவிடவில்லை. மாதம் இரண்டு இதழ் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆறு வருஷமாக நீ பிரான்சிலிருந்து அனுப்பிய பணத்தில்தான் அது அச்சானது. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. உன் மச்சான் புருஷோத்தமனுடைய தண்ணீர் கம்பெனியைப் பற்றி முதல் கட்டுரை வந்த அன்று நீ கூப்பிட்டு, “ரெண்டாவது பாகம் வந்துச்சுன்னா இனிமே ஒரு பைசா அனுப்பமாட்டேங்கா” என்றாய். இரண்டாவது பாகம் வந்தது. நீயும் சொன்னபடி நிறுத்திவிட்டாய். கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஒரு வாரம் உன் பெயரை யார் எடுத்தாலும் எரிந்து விழுந்தேன்.

உன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியதால்தான் உனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்தது. உன் விசாவுக்காக வெயிலில் அலைந்தவரும் புருஷோத்தமன்தான். அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் அவர் கம்பெனி, அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு தண்ணீரை உறிஞ்சுகிறது. சுற்றிலும் இருக்கிற கொல்லைகளில் மோட்டார் போட்டால் வெறும் காற்றுதான் வருகிறது. சின்னப்பாப்பாவை உனக்குத் தெரியாது. ஒன்றரைக் காணி நெல் கருகிப்போய், இப்போது பஸ் ஏறி டவுனுக்கு வந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். இதை விட்டுவிட்டு நான் எதை எழுதுவது, கோலப்போட்டி முடிவுகளையா?

எழுதியதும் சும்மா போகவில்லை. கோரிமேடு பஸ்ஸில் இதைப் பற்றித்தான் பேச்சு. பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவர்கள் என்னை நிறுத்தி, “இதெல்லாம் நெசந்தானாம்மா?” என்று கேட்கிறார்கள். கம்பெனியை மூடினால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் காரசாரமாக எழுதினார்கள். அதையும் போட்டேன். கடைசியில் அதிகாரிகளே ஊருக்கு வந்து கூட்டம் போட்டு ஜனங்கள் சொல்வதைக் கேட்க வேண்டியதாயிற்று.

பணத்துக்கு வழி சொன்னது வீராயி. நம் பேப்பரை அடித்துக் கொடுக்கும் அச்சகத்து எழிலரசனின் மனைவி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். அங்கே கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்களாம். அந்தப் பணத்தில் கடை வைத்தவர்கள்கூட உண்டாம். நான் செலவுக்குப் பயந்து எலுமிச்சம் சோறு போதுமே என்றேன். “அப்ப மொய்யும் எலுமிச்சம் சோத்துக்குத் தக்கனதாங்க வரும்” என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. மொய் என்றால் திருப்பிச் செய்தாக வேண்டும். பெரிய மொய் எழுதுகிறவர் நாளைக்கு வந்து, என்னைப் பற்றி எழுதாதே என்பார். உன்னிடம் பட்டதுதான் அது, வருத்தப்படாதே. அதனால் ஒரு விதி வைத்தோம். யாராக இருந்தாலும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எழுதக் கூடாது. பதில் மொய்யாக வருஷம் முழுக்க இதழ் வீடு தேடி வரும், வேறு எதுவும் கிடையாது.

நம் பக்கத்து ஆட்களுக்குத்தான் விசேஷம் இல்லாத விருந்து பழக்கமில்லையே. அழைப்பிதழில் தெளிவாக அச்சடித்தும், வந்தவர்களில் பாதிப் பேர் யாருக்குச் சடங்கு என்று விசாரித்தார்கள். சின்னப்பாப்பா தாம்பாளத்தில் வளையலும் மஞ்சளும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு வந்து, “பொண்ண எங்க உக்கார வெச்சிருக்கீங்க?” என்று மண்டபம் முழுக்கத் தேடினாள். பெண் இல்லை, பேப்பருக்குத்தான் விருந்து என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு மேசையில் இருந்த புது இதழ்க் கட்டின் மேல் வளையலை வைத்து, பூவையும் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பந்தி நடக்கும்போது புருஷோத்தமன் வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. நேராகப் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார், குழம்பு இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். அதில் குறை சொல்ல மாட்டேன், அவர் எப்போதும் சாப்பாட்டை ரசிக்கிற மனுஷர். பிறகு மொய் மேசைக்கு வந்து தடிமனாக ஒரு கவரை வைத்தார். மைக்கைப் பிடித்திருந்த எழிலரசன் என்னைப் பார்த்தான். சாப்பிட்டவர் வைக்கும் மொய்யை வேண்டாம் என்பது அவரை அவமானப்படுத்துவது. வாங்கினால் எழுதி வைத்திருந்த மூன்றாவது பாகத்தை நானே கிழித்துப் போட்ட மாதிரி. எல்லோரும் பார்க்கக் கவரைப் பிரித்தேன். ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு மீதியை அவர் கையிலேயே கொடுத்து, மற்றவர்கள் பெயரைப் படிப்பது போலவே இவர் பெயரையும் படி என்று எழிலரசனிடம் சொன்னேன். படித்தான்.

அவர் முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் மரியாதையாகத்தான் கேட்டார், “மூணாவது பாகமும் இருக்குதா?” என்று. இருக்கிறது, உங்கள் பக்க நியாயத்தை எழுதிக் கொடுங்கள், ஒரு வார்த்தை வெட்டாமல் போடுகிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தார், போட்டேன். கம்பெனியின் உரிமம் காலாவதியாகிவிட்டது என்று நாங்கள் எழுதியது தப்பு, கெடு முடியும் முன்பே புதுப்பிக்க மனு கொடுத்திருக்கிறார், அதனால் அது செல்லும். அதையும் முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டு திருத்தினேன். தண்ணீர்க் கணக்கைப் பற்றி மட்டும் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த தை வரைக்கும் காகிதக் கவலை கிடையாது. அடுத்த விருந்துக்கு மீன் எங்கள் பொறுப்பு என்று கனகசெட்டிக்குளத்து மீனவர்கள் இப்போதே சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஊரைப் பற்றியும் ஒரு கட்டுரை தயாராகிறது, அவர்களுக்குப் பிடிக்காது. அதையும் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். ஆகவே நீ மனசு கேட்காமல் பழையபடி பணம் அனுப்பாதே. ஐந்நூறுக்கு மேல் வந்தால் திருப்பிவிடுவேன், தம்பி என்று சலுகை இல்லை.

ஆனால் உன்னிடம் வாங்கிக்கொண்டிருந்த இன்னொன்று இங்கே எவரிடமும் கிடைக்கவில்லை. தண்ணீர்க் கட்டுரைகளை மட்டும்தான் உனக்குக் காட்டாமல் போட்டேன். அதற்கு முன் ஆறு வருஷத்தில் ஒரு இதழ்கூட உன்னிடம் திட்டு வாங்காமல் அச்சுக்குப் போனதில்லை. இதற்கு ஆதாரம் எங்கே, யாரிடம் கேட்டாய், இந்தத் தலைப்பை எவன் வைத்தான் என்று காது வலிக்கிற வரை கேட்பாய். இப்போது எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார்கள். அந்த உரிமம் விஷயத்தை நீ படித்திருந்தால் அப்போதே பிடித்திருப்பாய்.

மூன்றாவது பாகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வரும், நீ பேசினாலும் பேசாவிட்டாலும் வரும். மச்சானுக்காகவும் படிக்காதே, அக்காவுக்காகவும் படிக்காதே. எங்கே தப்பு என்று மட்டும் பார்.

குளிரில் நெஞ்சுச் சளி பிடிக்காமல் உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். திட்டுவதற்காவது ஒரு தடவை கூப்பிடுடா.

உன் அக்கா,
அஞ்சலாட்சி