மிளகாய் ஒரு காரம் அல்ல

ஆகஸ்ட் 6

இன்றைக்கு வகுப்பே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான்.

காலேஜில் எங்களுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிற மெட்டில்டா மேடம் அமிலமும் காரமும் நடத்த ஆரம்பித்தார். வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். "மிஸ் சந்தனச்செல்வி, கிவ் மீ எ பேஸ் ஃப்ரம் யுவர் கிச்சன்" என்று திடீரென்று என்னை எழுப்பிவிட்டார். பேஸ்? பக்கத்தில் ஜெபசுதா "காரம்ளா, காரம்" என்று முணுமுணுத்தாள். அடுப்படியில் இருக்கிற காரம். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மிளகாய், மேடம்."

பத்தாம் வகுப்பில் 'சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு காரம்' என்று நூறு தடவை எழுதியவள் நான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சோப்பு, சுண்ணாம்பு, ஆப்பசோடா எல்லாம் சொல்லியிருப்பேன். அடுப்படி என்று கேட்டதில் புத்தி நேராக அம்மியில் போய் உட்கார்ந்துவிட்டது. நாக்கு எரிந்தாலும் காரம், கையில் வழுக்கினாலும் காரம் என்று ஒரே பேரை இரண்டுக்கும் வைத்தது யார்? அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள், நான் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

மேடம் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கடுப்பு. அடுத்த மாதம் எல்லோரும் இங்கிலீஷில் செமினார் எடுக்க வேண்டுமாம். முடியாதவர்கள் செப்டம்பர் முடிவதற்குள் வேறு டிபார்ட்மெண்டுக்கு மாறிக்கொள்ளலாமாம். 'முடியாதவர்கள்' என்றபோது என்னைத்தான் பார்த்தார்.

மாற மாட்டேன். பிளஸ் டூ லேபில், ஒரு சொட்டில் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது ரோஸ் நிறமானதைப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்தது இது.

ஆகஸ்ட் 8

லேபில் கழற்றி வைத்திருந்த என் வெள்ளைக் கோட்டின் முதுகில் மார்க்கரால் 'மிளகா' என்று எழுதியிருக்கிறது. எங்கள் வகுப்பு ஷாமின் கையெழுத்து. சோப்பு போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. நாளைக்கும் அதையேதான் போட்டுக்கொண்டு போவேன்.

ஆகஸ்ட் 20

டெஸ்டில் ஒரு கேள்விக்குப் பூஜ்யம். 'சமநிலை என்றால் வினை நின்றுவிடுவது' என்று எழுதியிருந்தேன். தராசு தட்டு இரண்டும் சமமானால் நின்றுவிடத்தானே செய்யும்? வினைப்படுபொருள் பாதி, விளைபொருள் பாதி வந்ததும் எல்லாம் ஓய்ந்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நிற்காதாம். பாதிப் பாதியும் இல்லையாம். பிறகு எதற்கு சமநிலை என்று பேர்?

சாயங்காலம் கொற்கைக்குத் திரும்புகிற வழியில் முள்ளக்காட்டில் பஸ் பஞ்சர். எல்லோரும் இறங்கி நின்றோம். பக்கத்தில் உப்பளம். பாத்தித் தண்ணீருக்கு அடியில் உப்பு படிந்து கிடந்தது. அந்தத் தண்ணீர் இதற்கு மேல் உப்பைத் தாங்காது. அதற்காகச் சும்மாவா இருக்கிறது? அடியில் இருக்கிற உப்பு கரைந்துகொண்டே இருக்கிறது, தண்ணீரில் இருக்கிற உப்பு படிந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் ஒரே வேகம். அளவு மாறாததால் அசையாத மாதிரி தெரிகிறது. வெயில் தண்ணீரைக் குடித்தால் படிவது ஜாஸ்தி. மழை பெய்தால் கரைவது ஜாஸ்தி. எதைச் செய்தாலும் அதைச் சமாளிக்கிற பக்கமாகச் சாய்கிறது.

அட, இவ்வளவுதானா! சமமாக இருப்பது அளவு இல்லை, வேகம். அதற்குத்தான் அந்த இரட்டை அம்பு, ஒன்று போக, ஒன்று வர. டயர் மாட்டி முடித்து கண்டக்டர் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் ஏறினேன்.

செப்டம்பர் 3

மேடம் ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார். வாசலில் நின்றேன். உள்ளே மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஏம்மா, மாத்திர போட்டியளா? மீனு வாங்க நீங்க எதுக்குப் போறிய, நான் வாரேன்லா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம பேச்சு! எங்க அத்தை பேசுகிற அதே பேச்சு! என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு, "எஸ், மிஸ் சந்தனச்செல்வி" என்றார்.

வரலாற்றில் ஓர் இடம் காலியாம். தமிழிலேயே படிக்கலாமாம். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு இன்டர்வியூல எவன் தமிழ்ல கேப்பான்?" இதை மட்டும் தமிழில் சொன்னார்.

வரலாறு நல்ல பாடம்தான். எங்கள் ஊரே வரலாறுதான், முத்துக் குளித்த கடல் ஊரை விட்டுப் போய் எத்தனையோ காலமாயிற்று. அதற்காக நானும் போக வேண்டுமா?

"செமினார் எடுத்துட்டுச் சொல்லுதேன், மேடம்" என்று வந்துவிட்டேன். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராக பஸ்ஸுக்கு நடந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். "ஏளா, அந்தம்மா சொல்லுததும் சரியாத்தான இருக்கு? எதுக்கு வம்பு?" என்றார். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அப்புறம் பசித்தது, எழுந்து சாப்பிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வடிவு அக்கா பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். வாசலில் அவளை நிறுத்தி வைத்துவிட்டு ஆரத்தி கரைத்தார்கள். பகவதி அத்தை தட்டில் தண்ணீர் விட்டு, மஞ்சள் போட்டு, டப்பாவிலிருந்து சுண்ணாம்பைப் போட்டுக் கரைத்தாள். சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள். அப்போதும் மஞ்சளாகவே கிடந்தது.

அத்தை முகம் மாறிவிட்டது. "இதென்ன மதினி, ஆலம் செவக்க மாட்டேங்கு? பச்சப்புள்ள வாரப்போ இப்பிடியா?" அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அக்கா வாசலில் வெயிலில் நிற்கிறாள், தையல் போட்ட வயிறு, கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஒரு தட்டுத் தண்ணீர் சிவக்கவில்லை என்று பெற்றவளை அழ வைப்பீர்களா? எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"சுண்ணாம்பு பழசு அத்த, வேற ஒண்ணும் இல்ல" என்றேன். "நீ சும்ம கெட" என்றாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். துணி துவைக்கிற சோப்புத்தூள் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினேன். செக்கச்செவேல்!

"என்னளா நுரைக்கி?"

"வேகமாக் கலக்கிட்டேன் அத்த."

மூன்று சுற்று சுற்றினாள். அந்தத் தண்ணீரைத் தொட்டு அக்கா நெற்றியில் வைத்தாள், பிள்ளைக்கு வைக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைக்கு மை போதும் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்பா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

அக்கா உள்ளே போய்ப் படுத்ததும் என் கையைப் பிடித்து, "நீ என்னத்தளா போட்ட?" என்றாள். சொன்னேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

என் செமினார் இதுதான். முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 17

அந்தச் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. மூடி சரியில்லை. காற்றில் இருக்கிற கார்பன் டைஆக்சைடைக் குடித்துக் குடித்துச் சுண்ணாம்பு முழுக்க கால்சியம் கார்பனேட்டாகிவிட்டது. சுண்ணாம்புக்கல், சிப்பி ஓடு, முத்து எல்லாம் அதுதான். பகவதி அத்தை ஆரத்தியில் போட்டது கிட்டத்தட்ட முத்துப்பொடி! சொன்னால் பெருமைப்படுவாள்.

நல்ல சுண்ணாம்பு புதிதாக வாங்கி வந்தேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சார்ட் பேப்பரை முக்கிக் காயப்போட்டிருக்கிறேன். அம்மா, "இது என்ன, தாளுக்குச் சடங்கு சுத்துதியா?" என்கிறாள்.

செப்டம்பர் 23

நாளைக்கு. இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்து பார்த்தேன். மூன்றாவது வரியில் நான் சொல்வது எனக்கே புரியவில்லை. புரியாததை நின்று ஒப்பிப்பதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போகிறேன்? கிழித்துப் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 24

நடந்ததை அப்படியே எழுத வேண்டும், விட்டால் பெருமையில் கூட்டிச் சொல்லிவிடுவேன்.

முதுகில் 'மிளகா' எழுதிய அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மஞ்சள் தாளைப் போர்டில் ஒட்டினேன். "மேடம், நான் தமிழ்ல சொல்லுதேன். மார்க்கு குறைச்சுக்கிடுங்க" என்றேன். மேடம் பேனாவை மூடிவிட்டு, "ப்ரொசீட்" என்றார்.

முதலில் பச்சை மிளகாயை அரைத்துத் தாளில் தடவினேன். ஒரு மாற்றமும் இல்லை. "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. மிளகாய்க்கு எரிக்கத்தான் தெரியும், இதுல பேரு மட்டுந்தான் காரம்" என்றேன். ஷாம் சிரித்தான். சிரிக்கட்டும்.

பிறகு தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் பிரஷ்ஷை முக்கி, பெரிதாக 'மிளகா' என்று எழுதினேன். ரத்தச் சிவப்பில் எழுத்து எழும்பியது. சிரிப்பு நின்றது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அதன்மேல் தடவினேன். எழுத்து மறைந்து மறுபடி மஞ்சள். திரும்பச் சுண்ணாம்பு. திரும்பச் சிவப்பு.

போர்டில் இரட்டை அம்பு போட்டேன். மஞ்சளில் இருக்கிற சாயம் ஒரு மெலிந்த அமிலம். ஹைட்ரஜன் அயனியை வைத்துக்கொண்டிருந்தால் மஞ்சள், விட்டுவிட்டால் சிவப்பு. சுண்ணாம்பு அந்த ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்கிறது, குறைந்ததை ஈடுகட்ட சமநிலை சிவப்புப் பக்கம் சாய்கிறது. எலுமிச்சை ஹைட்ரஜன் அயனியைக் கொண்டுவந்து கொட்டுகிறது, திரும்ப மஞ்சள் பக்கம். இரண்டு அம்பும் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், யாரும் நிறுத்துவதில்லை என்றேன். ஆரத்தி கதையையும் சொன்னேன். சோப்புத்தூள் வந்ததும் கடைசி பெஞ்சு மேஜையைத் தட்டியது.

மேடம் எழுந்தார். "ஓல்டு லைம் இஸ் கால்சியம் கார்பனேட். கார்பனேட் இஸ் ஆல்ஸோ எ பேஸ். தென் ஒய் நோ ரெட்?"

செத்தேன். இதை நான் யோசிக்கவே இல்லை. கார்பனேட்டும் காரம்தான். அப்புறம் ஏன் சிவக்கவில்லை? ஜெபசுதா தலையைக் குனிந்துகொண்டாள். உப்பளம் ஞாபகம் வந்தது. அங்கே கரைகிற வேகம், படிகிற வேகம். ஆனால் உப்பு எவ்வளவு கரைகிறது! இந்தக் கல்? சிப்பி ஓடு கடலிலேயே கிடக்கிறது, கரைந்தா போகிறது?

"கரைஞ்சாத்தான மேடம் வேலை செய்யும்? அது கரையுதது துளியூண்டு. அந்தத் துளிக்குச் செவக்காது."

"இன் இங்கிலீஷ்."

"நோ டிசால்வ், நோ வொர்க், மேடம்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே குனிந்தார். அது சிரிப்பா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 25

பத்துக்கு நாலு. ஜெபசுதாவுக்கு எட்டு. மனப்பாடம் செய்ததை ரயில் மாதிரி ஓட்டினாள், பாவி. "உனக்குத்தாம்ளா எட்டு தரணும்" என்று அவளே சொல்லி, கேன்டீனில் வடை வாங்கித் தந்தாள். தின்றேன். வடை நன்றாக இருந்தது, மார்க்குதான் செமிக்கவில்லை.

செப்டம்பர் 30

"கடைசி நாள். வரலாறு சீட் இன்னும் இருக்கு" என்றார் மேடம்.

"நான் போகல மேடம்."

"செமஸ்டர்ல ஃபெயில் ஆனா என்கிட்ட வந்து அழக் கூடாது."

"அழுதா வீட்டுல அழுதுக்கிடுதேன் மேடம். உங்ககிட்ட டவுட்டு கேக்கத்தான் வருவேன்."

வெளியே வந்து ஷாமிடம் மார்க்கரைக் கேட்டு வாங்கினேன். கோட்டில் மங்கிப்போயிருந்த 'மிளகா'வின் மேல் நானே அழுத்தி எழுதினேன். கடைசிக் கால் அழிந்தே போய், 'மிளக' என்றுதான் படிக்க முடிந்தது. அதையும் திருத்தினேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அக்டோபர் 10

பஸ்ஸில் குலசைத் தசராவுக்கு வேஷம் கட்டிய காளி ஒருத்தர் என் பக்கத்து சீட்டில். என் புத்தகத்தை எட்டிப் பார்த்து, "கெமிஸ்ட்ரியா? ஆத்தாடி!" என்றார்.

நவம்பர் 19

பரீட்சை. தமிழில்தான் எழுதினேன். 'சமநிலை என்பது யாது?' வந்தது. பேனாவை எடுத்ததும் முள்ளக்காடு பஞ்சர்தான் முன்னால் வந்தது.

ஜனவரி 21

கெமிஸ்ட்ரி 71. பாஸ். பாஸ்! பாஸ்!!

இங்கிலீஷ் பேப்பர் அரியர். 'கெடக்கு, எழுதிக்கிடலாம்' என்றார் அப்பா. வம்பு எதற்கு என்று கேட்ட அதே அப்பாதான். சோப்பு வாசனையைப் பற்றி இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்: "அன்னைக்கே தெரியும்ளா எனக்கு."

மே 28

அரியரும் போயிற்று. 43. போதும்.

ஜூலை 15

இரண்டாம் வருஷம். லேபில் பியூரெட் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு. மேடம் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. "கிவ் மீ எ பேஸ் ஃப்ரம் யுவர் கிச்சன்." யாரோ ஒரு பெண் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். குபீரென்று சிரிப்பு.

என் கையில் பியூரெட் அப்படியே நின்றுவிட்டது.

"யாரும் சிரிக்கக் கூடாது" என்றார் மேடம். தமிழில். பிறகு செருப்புச் சத்தம். லேப் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, இருபது பேருக்கு நடுவில் என்னைத் தேடினார். நாங்கள் எல்லோரும் கதவுக்கு முதுகு காட்டி நின்றிருந்தோம், கோட்டில் இருந்த எழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"ஏளா மிளகா, அந்த மஞ்சத் தாளு ரெண்டு குடு."

கொடுத்தேன். செமினாரில் மிஞ்சியது நோட்டுக்குள்ளேயே கிடந்தது. எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். என் பையில் ஒன்று இருந்தது, அதையும் எடுத்துக் கொடுத்தேன்.